பிரிவு 122: பாலியல் அத்துமீறல் வழக்கில் மூன்றாண்டு எந்த நாளிலிருந்து ஓடுகிறது?

வரைவுமேசை (தொடக்கப் பதிவு)

கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணை, மூன்றாண்டுக்குள் தொடங்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 122ஆம் பிரிவு. அதை வைத்து ஒரு கணக்கு. ஆட்களும் தேதிகளும் கற்பனை. சிக்கல் மட்டும் அசல்.

2022 மார்ச் 10: பெண் கேப்டன் ஒருவரிடம் அவருடைய கமாண்டிங் ஆபீசர் அலுவலக அறையில் அத்துமீறுகிறார்.
2024 மே 6: அந்த அதிகாரி மேல் தலைமையகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கிறார்.
2024 செப்டம்பர் 20: கோர்ட் ஆஃப் என்கொயரி (உண்மை அறியும் ராணுவ விசாரணைக் குழு) முடிந்து, ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்படி ஜி.ஓ.சி. (படைப்பிரிவின் தலைமை அதிகாரி) உத்தரவிடுகிறார்.
2025 ஜூலை 7: ஜெனரல் கோர்ட் மார்ஷல் கூடுகிறது.

குற்றச்சாட்டுகள் மூன்று. பிரிவு 69 (சாதாரணக் குற்றங்களையும் கோர்ட் மார்ஷல் விசாரிக்க வழி செய்வது) வழியாக இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 354, அதாவது பெண்ணின் மானத்தைக் குலைக்கும் தாக்குதல், பிரிவு 45இன் கீழ் பதவிக்குத் தகாத நடத்தை, பிரிவு 47இன் கீழ் கீழ்நிலையில் உள்ளவரைக் கொடுமைப்படுத்தியது.

மூன்றாண்டு 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்கிறது எதிர்த்தரப்பு. மேலதிகாரிக்குத் தெரிந்ததே 2024இல்தான், அதனால் 2027 வரை அவகாசம் உண்டு என்கிறது அரசுத் தரப்பு. யார் பக்கம் நியாயம்?

சம்பவத்தை 2022 மார்ச்சில் வைத்தது வேண்டுமென்றேதான். கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் கொடுத்த காலவரம்பு விலக்கு 2022 பிப்ரவரி 28 வரை. அந்த வாதத்தை இங்கே இழுக்க வேண்டாம்.

நெடுங்குழல்

எதிர்த்தரப்புதான். பிரிவை வரிவரியாகப் படித்தால் போதும்.

122(1)இல் மூன்று தொடக்கப் புள்ளிகள். (அ) குற்றம் நடந்த தேதி. (ஆ) குற்றம் நடந்ததே பாதிக்கப்பட்டவருக்கோ நடவடிக்கை தொடங்கும் அதிகாரம் உள்ளவருக்கோ தெரியாமல் இருந்தால், அவர்களில் ஒருவருக்கு முதலில் தெரியவந்த நாள். (இ) செய்தது யார் என்று தெரியாமல் இருந்தால், அந்த இருவரில் ஒருவருக்கு ஆள் அடையாளம் தெரிந்த நாள். ஆவிலும் இயிலும் கடைசியில் "எது முந்தையதோ அது" என்று முடிகிறது. வழக்கே அந்த மூன்று சொல்லில்தான் இருக்கிறது.

அத்துமீறலுக்கு ஆளான பெண்ணுக்குக் குற்றம் நடந்தது அந்த நிமிடமே தெரியும். செய்தவர் யார் என்பதும் தெரியும். அப்புறம் மேலதிகாரிக்கு 2024இல் தெரிந்தால் என்ன, 2034இல் தெரிந்தால் என்ன? முந்தையது 2022 மார்ச் 10. 2025 மார்ச் 10 தாண்டிக் கூடிய எந்தக் கோர்ட் மார்ஷலும் தாமதம்தான்.

கோட்டைமேடு_கி

அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது சார். வி.என். சிங் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? எங்கேயோ முறைகேடு நடந்திருக்கிறது என்ற தகவல் வந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, விசாரணை முடிந்து அதிகாரம் உள்ளவருக்கு விஷயம் முறையாகத் தெரிந்த பிறகே எண்ண வேண்டும் என்றுதானே? அதன்படி 2024 செப்டம்பர் 20.

நெடுங்குழல்

வி.என். சிங் கொள்முதல் வழக்கு. அங்கே பாதிக்கப்பட்டது அரசாங்கம். அரசாங்கத்துக்குத் தனியாகக் கண் காது கிடையாது, அதிகாரிக்குத் தெரிந்தால்தான் அதற்குத் தெரியும். பணம், ரேஷன், பெட்ரோல் வழக்குகளில் 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல் வேலையில்லாமல் கிடக்கும், 'அதிகாரம் உள்ளவர்' என்பது மட்டுமே வேலை செய்யும். ஆள் மீது நடந்த குற்றத்தில் அது தலைகீழ்.

இதே கேள்வி கர்னல் அனில் குமார் குப்தா வழக்கில் 2022இல் வந்தது. சக அதிகாரியின் மனைவியுடன் தொடர்பு என்பது குற்றச்சாட்டு. கணவர் புகார் கொடுத்தது 2015 ஆகஸ்ட், கோர்ட் மார்ஷலைக் கூட்ட உத்தரவு போட்டது 2018 நவம்பர். பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்த நாள்தான் கணக்கு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் நடவடிக்கையை ரத்து செய்தது. இத்தனைக்கும் அது பாலியல் வன்முறை வழக்குகூட இல்லை. தத்துவம் அப்படியே பொருந்தும்.

மாமரத்தடி

அப்போ (ஆ), (இ) இரண்டும் இந்த மாதிரி வழக்கில் உதவவே உதவாதா?

வரைவுமேசை

உதவும் இடம் உண்டு. குளியலறையில் ரகசியக் கேமரா. படம் பிடித்தது 2022இல், யாரோ ஒருவர் கைபேசியில் அது கிடைத்தது 2024இல் என்றால் பாதிக்கப்பட்டவருக்கே அதுவரை தெரியாது. (ஆ) வேலை செய்யும். போலிக் கணக்கிலிருந்து ஆபாசச் செய்தி வந்து, சைபர் பரிசோதனையில் ஆள் யார் என்று பின்னால் தெரிந்தால் (இ). நேருக்கு நேர் நடந்தவற்றில் இரண்டுக்கும் இடமில்லை.

சுவடிக்காரன்

இன்னொரு ஓட்டை: விசாரணை 'தொடங்கும்' நாள். குற்றச்சாட்டுத் தாளில் கையெழுத்திட்ட நாளா, சம்மரி ஆஃப் எவிடன்ஸ் (சாட்சியங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் படி) தொடங்கிய நாளா, கோர்ட் மார்ஷலைக் கூட்டும் ஆணை போட்ட நாளா?

மதன் லால் யாதவ் வழக்கு (1996): கோர்ட் மார்ஷல் கூடி, குற்றச்சாட்டை எடுத்துப் பார்த்து, மேலே போகலாமா என்று பரிசீலிக்கும் நேரத்தில்தான் விசாரணை தொடங்குகிறது. அதற்கு முந்தைய எல்லாமே தயாரிப்பு. அதாவது எவ்வளவு சுறுசுறுப்பாக ராணுவ விதி 22 (குற்றச்சாட்டு விசாரிப்பு), விதி 23 (சம்மரி) முடித்தாலும் கடிகாரம் நிற்காது. உறுப்பினர்கள் நாற்காலியில் உட்கார வேண்டும்.

இதைப் பல யூனிட்கள் கோட்டை விடுகின்றன. என்கொயரி அறிக்கை மேலே போய் ஒவ்வொரு மேசையிலும் தூங்கும். அறிவுறுத்தல் வந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரை வேறு யூனிட்டில் இணைக்க வேண்டும். அங்கே விதி 22இன் கீழ் குற்றச்சாட்டு விசாரிப்பு, சாட்சிகள் லீவிலும் கோர்ஸிலும். பிறகு சம்மரி, அதில் குறுக்கு விசாரணை. பிறகு டி.ஜே.ஏ.ஜி. என்ற ராணுவச் சட்ட அதிகாரியின் முன்கூட்டிய ஆலோசனை. இரண்டு சாட்சியைக் கூடுதலாகப் பதிவு செய் என்று கோப்பு திரும்பி வரும். கடைசியில் கூட்டும் ஆணை, உறுப்பினர் நியமனம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அவகாசம்.

சரியான முறை பின்னாலிருந்து எண்ணுவது. கோப்பின் முதல் பக்கத்திலேயே கடைசித் தேதியை எழுதி ஒட்ட வேண்டும். அதற்கு நான்கு மாதம் முன்பே கூட்டும் ஆணை கையெழுத்தாக வேண்டும், ஆறு மாதம் முன்பே சம்மரி முடிய வேண்டும். மூன்றாவது ஆண்டில் புகார் வந்தால் நீண்ட கோர்ட் ஆஃப் என்கொயரியே தேவையில்லை. குற்றமும் ஆளும் தெளிவாக இருக்கும்போது நேராக விதி 22க்குப் போகலாம். என்கொயரி என்பது கட்டாயப் படி இல்லை.

கோட்டைமேடு_கி

அது சரி. நடுவில் எதிர்த்தரப்பே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தடையாணை வாங்கினால் அந்த நாள்களைக் கழிக்க வேண்டாமா?

நெடுங்குழல்

122(3) விலக்கு தருவது மூன்றுக்கு மட்டும்: போர்க் கைதியாக இருந்த காலம், எதிரி நாட்டில் இருந்த காலம், கைதுக்குத் தப்பித் திரிந்த காலம். தடையாணை அதில் இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கான 123(2)இல் தடையாணைக் காலத்தைக் கழிக்கலாம் என்று வெளிப்படையாக இருக்கிறது. பக்கத்துப் பிரிவில் இருப்பது இங்கே இல்லை என்பதை எதிர்த்தரப்பு விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் தடையாணை வந்த அன்றே, காலவரம்பைச் சுட்டிக்காட்டி அதை நீக்கக் கேட்டு மனு போட வேண்டும். எதிர்மனு தயாராகட்டும் என்று உட்கார்ந்தால் கதை முடிந்தது.

இன்னொன்றும் இல்லை: மன்னிக்கும் அதிகாரம். சாதாரண நீதிமன்றத்துக்குத் தாமதத்தை மன்னிக்க பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 519, அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 473 இருக்கிறது. 122இல் அப்படி எதுவும் கிடையாது. நியாயமான காரணம், பயம், மிரட்டல், மனநிலை என எதைச் சொன்னாலும் கேட்க ஆள் இல்லை.

மாமரத்தடி

அப்படியானால் மூன்று வருடம் மௌனமாக இருந்த பெண்ணுக்கு வழியே இல்லையா? பதவி உயர்வுக்கு எழுத வேண்டிய ரகசிய அறிக்கையே அந்த ஆளின் கையில் இருக்கும்போது யார் புகார் கொடுப்பார்கள்?

ஆவணப்பெட்டி

வழி இருக்கிறது, கதவுதான் வேறு. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

122 தடுப்பது கோர்ட் மார்ஷலை மட்டும். 354 என்பது சாதாரணக் குற்றவியல் நீதிமன்றமும் விசாரிக்கக்கூடிய குற்றம். 2013 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. குற்றவியல் நடைமுறையில் காலவரம்பு என்பது மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான்: பழைய 468, இப்போது 514. ஐந்தாண்டுக் குற்றத்துக்குக் காலவரம்பே இல்லை. ஆகவே வரைவுமேசையின் கணக்கில் 45, 47 இரண்டும் செத்துவிட்டன, அவை ராணுவத்துக்கு மட்டுமே உரிய குற்றங்கள். 354 உயிரோடு இருக்கிறது. சம்பவம் 2024 ஜூலை 1க்கு முந்தையது என்பதால் எஃப்.ஐ.ஆரில் ஐ.பி.சி. 354 என்றுதான் போட வேண்டும், புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 74 அல்ல. இதை மாற்றி எழுதும் காவல் நிலையங்கள் உண்டு.

354ஏ (பாலியல் தொல்லை) மட்டும் கவனம். அதில் தண்டனை மூன்றாண்டு, ஆபாசப் பேச்சுக்கு ஓராண்டு. எனவே அங்கேயும் முறையே மூன்றாண்டு, ஓராண்டு வரம்பு. மன்னிக்கும் அதிகாரம் இருப்பது ஒன்றுதான் வித்தியாசம். பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டத்தின் உள்புகார்க் குழுவுக்கு இதைவிடக் குறுகிய காலம்: பிரிவு 9 படி மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் மூன்று.

காவல் நிலையத்துக்குப் போகும்போது நடக்கும் தவறு: கோர்ட் ஆஃப் என்கொயரியில் கொடுத்த வாக்குமூலத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. ராணுவ விதி 182 படி அந்த நடவடிக்கைகள் ஒருவருக்கு எதிரான சாட்சியமாக ஏற்கப்படாது. புதிதாகப் புகார், புதிதாக மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், அதாவது பழைய 164, இப்போது 183. பழைய வாக்குமூலத்துக்கும் புதியதுக்கும் முரண் வந்தால் அதைக் குடைவதற்கு எதிர்த்தரப்பு காத்திருக்கும், அதனால் தேதி, நேரம், அறை, யார் வெளியே நின்றார்கள் என்பதையெல்லாம் பழையதோடு ஒத்துப் பார்த்தே எழுத வேண்டும். சம்பவம் நடந்தது வேறு மாநிலத்தில் என்றால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். (எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் பதிவது) போடலாம்.

சுவடிக்காரன்

கூடவே, வழக்கு குற்றவியல் நீதிமன்றத்துக்கா கோர்ட் மார்ஷலுக்கா என்பதை ஒழுங்குபடுத்தும் 1978ஆம் ஆண்டு விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவரப்பட்டால், கமாண்டிங் ஆபீசருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 15 நாள் பொறுக்க வேண்டும். அதற்குள் குற்றச்சாட்டு வனையக்கூடாது. இந்த 15 நாளில் 125ஆம் பிரிவைக் காட்டி "நாங்களே விசாரிக்கிறோம்" என்று ராணுவம் கேட்கலாம்.

பொறி இங்கேதான். இரண்டேமுக்கால் வருடம் கழித்து வந்த வழக்கைக் கேட்டு வாங்கி, மூன்று மாதத்தில் கோர்ட் மார்ஷலைக் கூட்ட முடியாமல், 122இல் விழவிடுவது. புகார்தாரரின் வக்கீல் அந்த 15 நாளுக்குள்ளேயே மனுவில் காலவரம்புத் தேதியை எழுதி, ஒப்படைத்தால் விசாரணையே நடக்காது என்று மாஜிஸ்திரேட்டுக்குக் காட்ட வேண்டும். 126ஆம் பிரிவு இருக்கிறது: தன் முன்புதான் வழக்கு நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் கருதினால் ஆளை ஒப்படைக்கச் சொல்லலாம், கருத்து வேறுபாடு வந்தால் மத்திய அரசுதான் முடிவு செய்யும். ஏற்கனவே ஒப்படைத்தாகிவிட்டது, ராணுவம் ஒன்றும் செய்யவில்லை என்றால், மாஜிஸ்திரேட் மாநில அரசுக்கு அறிக்கை அனுப்ப அதே விதிகளில் இடம் உண்டு. யாராவது நினைவுபடுத்தாமல் அந்த அறிக்கை போகாது.

கோட்டைமேடு_கி

வன்புணர்வு என்றால்?

ஆவணப்பெட்டி

பாதிக்கப்பட்டவர் யார் என்பதைப் பொறுத்தது. அவர் ராணுவ, கடற்படை, விமானப்படைச் சட்டங்களுக்கு உட்படாத குடிமகள் என்றால் பிரிவு 70 குறுக்கே வரும். கொலை, கொலையாகாத மரணம் விளைவித்தல், வன்புணர்வு மூன்றையும் கோர்ட் மார்ஷல் விசாரிக்கவே முடியாது. விதிவிலக்கு: ஆக்டிவ் சர்வீஸ் (போர் அல்லது களப்பணி நிலை), இந்தியாவுக்கு வெளியே, அறிவிக்கப்பட்ட எல்லைக் காவல் நிலை. கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸில் வேலை செய்யும் பெண்ணுக்கு நடந்தால் அமைதிக்கால நிலையத்தில் 122 என்ற பேச்சே எழாது. நேராக செஷன்ஸ், காலவரம்பு இல்லை.

பாதிக்கப்பட்டவரும் சீருடைக்காரர் என்றால் இரு நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. கோர்ட் மார்ஷலுக்கு மட்டும் மூன்றாண்டு. விசித்திரம்தான்: வேலைக்கு வரும் பெண்ணின் வழக்கு நீதிமன்றத்தில் என்றைக்கும் நிற்கும், மேஜரின் வழக்கு ராணுவத்துக்குள் 36 மாதத்தில் காலாவதி. ஓடிப்போவதற்கும் கலகத்துக்கும் போலி ஆள்சேர்ப்புக்கும் 122(2)இல் காலவரம்பு விலக்கு கொடுத்தவர்கள், 1992இல் பிரிவைத் திருத்தியபோதுகூட வன்புணர்வை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

ஆக்டிவ் சர்வீஸ் பகுதியில் நடந்தால் இன்னொரு முடிச்சு: ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டத்தின் முன்அனுமதி. பாலியல் குற்றங்களில் அரசு ஊழியருக்கு முன்அனுமதி தேவையில்லை என்று 2013இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவில் விளக்கம் சேர்த்தார்கள், சிறப்பு அதிகாரச் சட்டத்தைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று பாலியல் குற்றச் சட்டங்களைப் பரிசீலித்த வர்மா கமிட்டி சொல்லியிருந்தது.

கப்பல்துறை

அமெரிக்காவில் இதே சண்டை கால் நூற்றாண்டு நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

அவர்களுடைய ராணுவ நீதிச் சட்டத்தின் 43ஆவது உறுப்பு. 1986 திருத்தப்படி மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை, பெரும்பாலான மற்றவற்றுக்கு ஐந்தாண்டு. வன்புணர்வுக்கு மரண தண்டனை என்று அப்போதைய ராணுவச் சட்டம் சொன்னது. ஆனால் வயதுவந்த பெண்ணை வன்புணர்ந்ததற்கு மரண தண்டனை கூடாது என்று 1977இலேயே கோக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அப்படியானால் அது 'மரண தண்டனைக்குரியதா' இல்லையா? 1998இல் ராணுவ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆம் என்றது. 2018இல் மங்காஹாஸ் வழக்கில் அதே நீதிமன்றம் இல்லை, ஐந்தாண்டுதான் என்று திரும்பியது. அதன்பின் பழைய வழக்குகளில் வந்த தண்டனைகள் சரிந்தன. 2005இல் நடந்த குற்றத்துக்காக 2014இல் தண்டிக்கப்பட்ட விமானப்படை அதிகாரி பிரிக்ஸின் வழக்கு அதில் ஒன்று. 2020 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று அதைத் திருப்பிப் போட்டது. நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம்: ராணுவச் சட்டத்தில் உள்ள சொல்லுக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே பொருள் தேட வேண்டும், வழக்குத் தொடுப்பவருக்குக் கடைசி நாள் எது என்று தெளிவாகத் தெரிய வேண்டும், அரசியலமைப்புத் தீர்ப்புகள் மாற மாற அது ஆடக்கூடாது.

2006க்குப் பிந்தைய குற்றங்களுக்கு இந்தச் சண்டையே வராது. அந்த ஆண்டுத் திருத்தம் வன்புணர்வைப் பெயர் சொல்லியே காலவரம்பிலிருந்து எடுத்துவிட்டது. குழந்தைகள் மீதான குற்றங்களுக்கு இப்போது அந்தக் குழந்தையின் ஆயுள் முழுக்க அல்லது பத்தாண்டு, எது நீளமோ அது.

சுவடிக்காரன்

கப்பல்துறை, அங்கே கடிகாரம் நிற்பது எப்போது என்பதையும் சொல்லுங்கள். எனக்கு அதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

கப்பல்துறை

உறுதிமொழியுடன் கூடிய குற்றச்சாட்டுத் தாள், சம்மரி கோர்ட் மார்ஷல் (சிறிய வகைக் கோர்ட் மார்ஷல்) அதிகாரம் உள்ள அதிகாரியின் கைக்கு வந்து சேர்ந்த நேரம். அவர் பெற்றுக்கொண்டதாக நேரம் போட்டுக் கையெழுத்திட்டால் போதும், விசாரணை இரண்டு வருடம் கழித்து நடந்தாலும் பரவாயில்லை. காலவரம்பு முடிந்தபின் அந்தத் தாள் குறைபாடுள்ளது என்று தள்ளுபடியானால், மறுபடி தாக்கல் செய்ய 180 நாள் அவகாசம். இந்தியாவில் உறுப்பினர்கள் வந்து உட்கார வேண்டும். அங்கே ஒரு காகிதம் மேசைக்கு வந்தால் போதும்.

அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. வன்புணர்வுக்குக் காலவரம்பு இல்லை என்று பழைய சம்பவத்தில் குற்றம் சாட்டுவார்கள். நடுவர்கள் அது நிரூபணமாகவில்லை, உள்ளடங்கிய சிறு குற்றம் மட்டும் நிரூபணம் என்பார்கள். அந்தச் சிறு குற்றத்துக்கு ஐந்தாண்டு, அது எப்போதோ தாண்டியிருக்கும். தாம்சன் வழக்கில் (2004) இப்படித்தான் சிக்கியது. காலவரம்புப் பாதுகாப்பைக் கேட்கும் உரிமை உண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி சொல்லியாக வேண்டும்.

வரைவுமேசை

நம் பக்கம் குற்றச்சாட்டுத் தாளில் அதற்கு நிகரான பள்ளம், "2021 ஜனவரிக்கும் 2024 ஜூனுக்கும் இடையே பல நாள்களில்" என்று மொத்தமாக எழுதுவது. தொடர் கொடுமையில் ஒவ்வொரு சம்பவமும் தனிக் குற்றம், தனிக் கடிகாரம். கோர்ட் மார்ஷல் கூடும் நாளிலிருந்து மூன்றாண்டு பின்னால் எண்ணி, அதற்கு முந்தையதையெல்லாம் குற்றச்சாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். எஞ்சியவற்றை நாள்வாரியாகப் பிரித்துத் தனித்தனிக் குற்றச்சாட்டாக எழுத வேண்டும். மொத்தமாக எழுதினால், விதி 53இன் கீழ் தடை வாதம் வரும்போது எந்தப் பகுதி உள்ளே, எது வெளியே என்று பிரிக்க முடியாமல் முழுதும் போகும்.

மாமரத்தடி

குற்றவியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்காக இழுக்கும். அதுவரை அந்த ஆள் சீருடையில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு இருப்பாரா?

நெடுங்குழல்

அதற்குத்தான் பிரிவு 19, கூடவே விதி 14. அதிகாரியைக் காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுத்துப் பணிநீக்கம் செய்யலாம். நிபந்தனை: கோர்ட் மார்ஷல் நடத்துவது உசிதமல்ல அல்லது நடைமுறை சாத்தியமல்ல என்று அரசு திருப்தி அடைய வேண்டும். 122 தாண்டிவிட்டால் இந்த வழியும் அடைபட்டது என்று 1996இல் ராதா கிருஷ்ணன் வழக்கில் சொன்னார்கள். 2001இல் ஹர்ஜீத் சிங் சந்து வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள்: காலவரம்பு முடிந்துபோனதும் 'சாத்தியமல்ல' என்பதற்குள் வரும். ஆனால் வேண்டுமென்றே தூங்கிவிட்டு இந்தக் குறுக்குவழியைப் பிடித்தார்களா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆகவே நோட்டீஸிலேயே தாமதம் எப்படி வந்தது என்பதைத் தேதியோடு எழுத வேண்டும். ஜே.சி.ஓ. (இளநிலை அதிகாரி), ஜவான் என்றால் பிரிவு 20, விதி 17.

கோட்டைமேடு_கி

கடைசியாக ஒன்று. குற்றம் சாட்டப்பட்டவர் நடுவில் ஓய்வு பெற்றுவிட்டால் 123 மூன்றாண்டு புதிதாகத் தருகிறதே?

நெடுங்குழல்

தருவதில்லை. 123 கேட்பது: இவர் இப்போது சட்டத்துக்கு உட்பட்டவர் இல்லையே, எப்படி விசாரிப்பாய்? அதற்கு வெளியேறிய நாளிலிருந்து மூன்றாண்டு. 122 கேட்பது: இந்தக் குற்றம் எத்தனை பழையது? என் வாசிப்பில் இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். 2022 மார்ச் குற்றம், 2024 டிசம்பர் ஓய்வு என்றால், 123 படி 2027 டிசம்பர் வரை ஆள் கைக்குள் இருப்பார், ஆனால் 122 படி 2025 மார்ச்சிலேயே குற்றம் கையை விட்டுப் போயிருக்கும். விமானப்படைச் சட்டத்திலும் இதே அமைப்புதான், எண் மட்டும் ஒன்று குறையும்: 121, 122. மேற்கோள் காட்டும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்.

123(2)இன் நிபந்தனை வாசகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரு நீதிமன்றமும் விசாரிக்கக்கூடிய குற்றத்தில் குற்றவியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தக் கால வரம்பு பாதிக்காது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டது, எஃப்.ஐ.ஆர். போட முடியாது" என்று காவல் நிலையத்தில் சொன்னால் அந்த வரியைக் காட்டுங்கள்.